தராசுக்கு முன் நிற்கும் தொழிலாளி: மலையகத் தோட்டங்களின் ஆளணி நிர்வாகம் பற்றி

ஸ்தாபனங்களில் மனிதர் நடந்துகொள்ளும் முறையையும் அவர்களை நிர்வகிக்கும் வழியையும் ஆராயும் சாஸ்திரத்தின் வரலாற்றைச் சொல்லப் புகும் நூல்கள், பெரும்பாலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன. 1911-இல் ஃபிரெடரிக் டெய்லர் வெளியிட்ட விஞ்ஞான நிர்வாகக் கொள்கைகளும், 1924 தொடக்கம் சில ஆண்டுகள் சிக்காகோவுக்கு அருகே ஹாதோர்ன் ஆலையில் நடந்த பரிசோதனைகளும் அந்தச் சாஸ்திரத்தின் இரு வாயில்களாக மாணவருக்குக் காட்டப்படுகின்றன. ஆனால் டெய்லர் தம் நூலை எழுதிய காலத்தில், இலங்கையின் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியா மலைச்சரிவுகளில், கடல் கடந்து கொண்டுவரப்பட்ட இலட்சக்கணக்கான மனிதரை விடியற்காலையில் எழுப்பி, வரிசையில் நிறுத்தி, மலைமலையாகப் பிரித்தனுப்பி, மாலையில் நிறுத்துக் கணக்கெழுதிய ஒரு ஸ்தாபனம் பல தசாப்தங்களாக இயங்கிக்கொண்டிருந்தது. 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தக ரீதியாகப் பயிரிட்டதையும், 1869-இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்ததையும் நம் பாடநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. அந்தப் பயிரை வளர்த்த மனிதர்கள் எவ்வாறு ஆளப்பட்டார்கள் என்பதை ஒரு நிர்வாக விவகாரமாக எடுத்துப் பேசியவர்கள் சிலரே. அவ்வாறு பேசவேண்டிய அவசியம் முன்னெப்போதையும்விட இன்று மிகுந்திருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த ஸ்தாபனத்தின் அஸ்திவாரம் கங்காணி முறை. சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளின் கிராமங்களுக்குச் சென்று, தன் உறவினரையும் சாதியினரையும் ஊராரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டி, மன்னார்க் காட்டு வழியாகவும் பின்னாளில் மண்டபம் முகாம் வழியாகவும் மலைக்கு அழைத்துவந்த பெரிய கங்காணி, ஆட்களைச் சேர்ப்பவனாக மட்டும் இருக்கவில்லை. அவனே கடன் கொடுத்தவன், அவனே வேலை வாங்குபவன். துரையிடம் போய்த் தொழிலாளிக்காகப் பேசுபவனும், தொழிலாளியிடம் வந்து துரையின் கட்டளையைச் சொல்பவனும் அவனே. இன்றைய நிர்வாகத்தில் நான்கைந்து பகுதியினர் பிரித்துச் செய்யும் காரியங்களை ஒரே மனிதனின் கையில் கொடுத்து, தனக்குப் பாஷையும் தெரியாத ஒரு ஜனத்தொகையை ஒரு வெள்ளைக்காரத் துரை நூற்றுக்கணக்கான ஏக்கரில் ஆண்டுவந்தார் என்றால், அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை மறுப்பதற்கில்லை. அதன் கொடுமையையும் மறுப்பதற்கில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்பிய தொழிலாளியின் கடனை, எந்தத் துரை செலுத்துகிறாரோ அவரிடம் அவனை விடுவிப்பதாக எழுதிக்கொடுக்கும் ‘துண்டு’ என்னும் சீட்டு, மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் கருவியாயிற்று. 1921-இன் சட்டம் அதை ஒழித்தது. ஆனால் சட்டம் தொடாமல் விட்ட ஒன்று உண்டு.

கங்காணிக்குக் கிடைத்த வருமானத்தில் ஒரு பகுதி, அவன் கூட்டத்திலிருந்து அன்றைக்கு வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இத்தனை காசு என்ற கணக்கில் வந்தது. ஆகவே அவன் கண் ஆளின் மீதே இருந்தது; காய்ச்சலோ பிள்ளைப்பேறோ எதுவாயினும், ஆள் பிரட்டு என்னும் காலை வரிசைக்கு வந்து பேர் கொடுத்தால் கங்காணிக்குக் காசு. துரைக்கும் செக்ரோல் என்னும் வருகைப் புத்தகத்தில் விழுந்த பேர்களின் எண்ணிக்கையே அன்றைய நிர்வாகத்தின் முதல் அளவுகோல். அரைநாள் வேலைக்கு ‘அரைப்பேர்’ என்ற வழக்கு இன்றும் தோட்டத்தில் வழங்குகிறது. ஒரு ஸ்தாபனம் எதை எண்ணுகிறதோ அதையே அது படிப்படியாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. எண்ணாததை அதன் கண் மெல்ல மெல்ல இழந்துவிடுகிறது. மலையகத் தோட்டங்களின் நிர்வாகம் தொடக்கமுதல் எண்ணியது ஆளை. எண்ணாமல் விட்டது அந்த ஆளின் அறிவை. அந்தக் குறையே, உரிமையாளர் பலமுறை மாறியும் சம்பளச் சூத்திரம் பலமுறை மாற்றப்பட்டும் தீராமல், இன்றைய நெருக்கடியின் அடியில் கிடக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தோட்டத்தின் அதிகார ஏணியை அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உச்சியில் பெரிய துரை. அவருக்குக் கீழே சின்னத்துரை. பிறகு கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி. ஆபீசில் கிளாக்கர்மார், ஸ்டோர் என்னும் தேயிலை ஆலையில் டீமேக்கர். எல்லோருக்கும் கீழே, எல்லோரையும் தாங்கி நிற்பவர்கள் கொழுந்தெடுக்கும் பெண்களும், கவ்வாத்து வெட்டும், மருந்தடிக்கும், கான் வெட்டும் ஆண்களும். இந்த ஏணியின் சிறப்பம்சம், வேலை முடிந்து வீடு திரும்பினாலும் அதிலிருந்து இறங்க முடியாது என்பதே. அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்துக்குப் போகும் பாதையும், குடிதண்ணீர்க் குழாயும், பிள்ளைக்காம்பராவும், மருந்து கொடுக்கும் அறையும் தோட்டத்துக்குச் சொந்தம். 1961-இல் எர்விங் கோஃப்மன் என்னும் சமூகவியலாளர் மனநல விடுதிகளை ஆராய்ந்து, உறக்கமும் உழைப்பும் ஓய்வும் ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடங்களை முழுமையான ஸ்தாபனங்கள் என்று வகைப்படுத்தினார். தோட்டம் விடுதியன்று, அங்கே குடும்பமும் கோயிலும் திருவிழாவும் காமன்கூத்தும் உண்டு. ஆயினும் மேலதிகாரியோடு மனஸ்தாபம் கொண்ட தொழிலாளி தன் வேலையை மட்டுமல்லாமல் கூரையையும் இழக்க நேரிடலாம் என்ற நிலை, அங்கே ஒவ்வொரு பேச்சையும் நிறம் மாற்றியது. எதிர்த்துப் பேசாமை பணிவு என்று துரைமாரால் பொருள் கொள்ளப்பட்டது. அந்த மௌனத்தில் எவ்வளவு பணிவு, எவ்வளவு பயம், எவ்வளவு காத்திருப்பு என்று பிரித்தறிய அவர்கள் முயலவில்லை.

அந்த மௌனத்தை முதலில் பகிரங்கமாகக் கலைத்தவர் கோ. நடேசய்யர். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து, பத்திரிகை நடத்தி, 1931-இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய அவர், கங்காணிக்கு எதிராகவும் துரைக்கு எதிராகவும் ஒரே சமயத்தில் குரல் எழுப்பினார். 1939-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அவ்வாண்டிலேயே தோட்டத்துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தம் ஒன்றுக்கு வந்தன. தொழிற்சங்கம் மலையக மக்களுக்குச் செய்தவை சாதாரணமானவை அல்ல. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஜனத்துக்கு, வாக்குச்சீட்டு இல்லாத அந்த நீண்ட காலமெல்லாம் இருந்த ஒரே குரல் அதுவே. 1984-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதை வென்று தந்ததும் அதன் போராட்டமே.

எனினும் ஒரு நுட்பமான விஷயத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கங்காணி வகித்த இடைநிலை, அவன் செல்வாக்குக் குன்றியபின் வெற்றிடமாக இருக்கவில்லை. தோட்டக் கமிட்டித் தலைவர் அதில் வந்து நின்றார். லயத்தில் கூரை ஒழுகுகிறது, பேர் விழவில்லை, மகனைப் பதியவேண்டும் என்று எந்தக் காரியமாயினும் தொழிலாளி தலைவரிடம் சொல்ல, தலைவர் ஆபீஸ் நாளில் துரையிடம் சொல்ல, துரையின் பதில் அதே வழியாகத் திரும்பி வரும். கங்காணி தன் இலாபத்துக்காகப் பேசினான். தலைவர் பெரும்பாலும் நியாயத்துக்காகப் பேசினார். வித்தியாசம் பெரிது. ஆனால் தொழிலாளியின் குரல், அதிலும் பெண் தொழிலாளியின் குரல், இன்னொருவர் வாய்வழியாகவே மேலே ஏறவேண்டும் என்ற அமைப்பு மட்டும் அப்படியே நின்றது. சங்கங்களில் சந்தா கட்டுவோரில் பாதிக்கு மேல் பெண்களாயிருக்க, தலைவர் பதவி ஆணுக்கும் ‘மாதர் தலைவி’ என்ற தனிப் பதவி பெண்ணுக்கும் என்று வகுக்கப்பட்டதும் அதே வழக்கத்தின் தொடர்ச்சி. ஒரு தலைமுறைக்கு முன்வரை, பெண்ணின் சம்பளத்தை அவள் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்குவது பல தோட்டங்களில் சர்வசாதாரணம்.

இனி, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்துக்கு வருவோம். ஆளணி நிர்வாகத்தின் தத்துவமெல்லாம் பிரத்தியட்சமாகும் இடம் அதுதான். காலை, பகல், மாலை என்று நாளுக்கு மூன்று தரம், மலையிலிருந்து இறங்கும் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமலே, கூடையோ சாக்கோ சுமந்து வரிசையில் நிற்பார்கள். தராசில் தொங்கும் கொழுந்தின் நிறையிலிருந்து சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துப் புத்தகத்தில் பதிகிறார்கள். மழைநாளில் இலையோடு தண்ணீரும் வருவது உண்மையே. கழிவு வேண்டாமென்று எவரும் சொல்வதில்லை. சச்சரவு எழுவது அளவில்.

“தண்ணிக்கு ரெண்டு கிலோ.”

“ஐயா, இன்னிக்குக் காலையில இருந்து ஒரு பொட்டு மழ இல்லீங்களே.”

“சரி சரி, தள்ளி நில்லு. அடுத்த ஆள் வா.”

இந்தச் சம்பாஷணையைக் கேட்காத தோட்டம் அரிது. இரண்டு கிலோ என்பது கேட்பவர்க்கு அற்பமாகத் தோன்றலாம். நாளொன்றுக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்று விதி இருக்கும் இடத்தில், 19 கிலோ சுமந்து வந்தவள் 17-ஆகப் பதியப்பட்டு அரைப்பேரோடு வீடு போகிறாள். நாள் முழுதும் சரிவில் நின்ற உழைப்பின் பாதி, எவ்விதிப்படி கழிக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியாத ஒரு கழிவில் போய்விடுகிறது. கூலி குறைவது ஒரு நஷ்டம். தன் கண்ணால் கண்டதைச் சொல்லியும் அது ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளப்படாதது அதைவிடப் பெரிய அவமானம். ஸ்தாபனங்களில் நியாயம் பற்றி ஆராய்ந்தவர்கள், பங்கீடு குறைந்தபோதுகூட மனிதர் ஓரளவு பொறுத்துக்கொள்வர், பங்கிடும் முறை மறைவாகவும் அவமதிப்பாகவும் இருந்தால் பொறுப்பதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். கொழுந்து மடுவத்தில் அரைமணி நேரம் நிற்பவருக்கு அந்த முடிவு தானே விளங்கும்.

அந்தப் பெண்ணிடம் இருக்கும் அறிவு எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எடுப்பது என்று சொல்லிவிடுவது எளிது. எந்தத் தளிர் இன்று எடுக்கத் தக்கது, எது அடுத்த சுற்றுக்கு விடத் தக்கது, எங்கே தளிர் வளர்ச்சி நின்று மொட்டு உறங்கிவிட்டது, எந்தச் செடியின் மட்டம் மேலெழுந்துவிட்டது என்பதை, நிமிஷத்துக்குப் பல பத்துத் தடவை, இரு கைகளும் தனித்தனியே இயங்க, அவள் நிர்ணயித்துக்கொண்டே போகிறாள். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுகளில் வறண்ட குளிர்காற்று வீசும் தரமான பருவத்தில், டிம்புளத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் மேலான விலை, ஸ்டோரில் உருவாவதற்கு முன்பே அவள் விரல்நுனியில் பாதி உருவாகிவிடுகிறது. முற்றிய இலையும் தண்டும் கலந்து வந்தால் எந்த டீமேக்கரின் கைத்திறனும் அதை உயர்த்திவிட முடியாது. தலவாக்கலையில் செயின்ட் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் செடியையும் மண்ணையும் இலைநோயையும் பற்றி ஏராளமாக ஆராய்ந்துவருகிறது; செடியை அன்றாடம் தொடும் கையின் அறிவுக்கு ஸ்தாபனத்தில் பதவியோ பட்டமோ சம்பளப் படியோ இல்லை.

தராசு அறிவது நிறையை மட்டும். 1991-இல் பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ரம், போல் மில்குரோம் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் எழுதிய ஓர் ஆய்வு, ஒருவர் செய்யும் இரண்டு காரியங்களில் ஒன்று அளக்க எளிதாகவும் மற்றது அரிதாகவும் இருந்து, அளக்கக்கூடியதற்கே பலமான சன்மானம் வைக்கப்பட்டால், முயற்சியெல்லாம் அதன் பக்கம் சாய்ந்து, மற்றது வாடும் என்று நிறுவியது. மலையகத்துக் கங்காணிமாருக்கு இது புதுச்செய்தியல்ல. நிறைக்குக் காசு வைத்துவிட்டுத் தரத்துக்குத் திட்டினால், காலையில் நிறையும் மாலையில் திட்டும் வந்து சேரும், தரம் வராது. இலையைக் கிளறிப் பார்த்து முற்றியதைப் பொறுக்கி எறியும் கண்டக்டரும், கிலோ ஏன் குறைந்தது என்று கேட்கும் கண்டக்டரும் ஒரே மனிதராயிருக்க, இரண்டுக்கும் நடுவில் கொழுந்தெடுப்பவளே எல்லாப் பிழையும் சுமக்கிறாள்.

தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சம்பளம் குறித்துச் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களின் சரித்திரத்தை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், அவை வெறும் ரூபாய்ச் சண்டைகளாகத் தோன்றுவதில்லை. 2013-இன் ஒப்பந்தத்தில் 620 ரூபாய் என்று சொல்லப்பட்ட நாட்சம்பளத்தில் அடிப்படை 450. 140 ரூபாய் வருகைக்கான கொடுப்பனவு. 30 ரூபாய் தேயிலை விலையோடு சேர்ந்த பங்கு. 2016-இல் அது 730 ஆயிற்று: அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30. மூன்றே ஆண்டில் வருகைக்கான 140 ரூபாய் 60 ஆகச் சுருங்கி, கிலோவுக்கு 140 ரூபாய் புதிதாக வந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். ஆள் வந்தால் போதும் என்றிருந்த நிர்வாகம், கிலோ வந்தால்தான் உண்டு என்று மாறியது. 2018 ஒக்டோபரில் கறுப்பு உடை தரித்த மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் கூடி ஆயிரம் ரூபாய் கேட்டபின், 2019-இல் இரு கொடுப்பனவுகளும் நீக்கப்பட்டு, அடிப்படை 700, விலைப்பங்கு 50 என்று ஒப்பந்தம் முடிந்தது. 2021-இல் சம்பள நிர்ணய சபை 900-உம் 100-உமாக ஆயிரத்தை நிர்ணயிக்க, கம்பனிகள் கூட்டு ஒப்பந்த முறையிலிருந்தே விலகின; அதன்பின் நாட்கொழுந்தின் அளவு உயர்த்தப்படுவதாகவும் வேலைநாள் குறைக்கப்படுவதாகவும் தோட்டந்தோறும் முறைப்பாடுகள் எழுந்தன. 2024-இல் சம்பளம் 1350 ஆயிற்று. இத்தனை பேச்சுவார்த்தைகளிலும் வருகை பேசப்பட்டது, கிலோ பேசப்பட்டது, ஏல விலையும் பேசப்பட்டது. கொழுந்தின் தரத்துக்கும், அதை அறிந்த கைக்கும், இருபது வருஷ அனுபவத்துக்கும் என்ன மதிப்பு என்பது பேசப்படவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும், அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் அத்தைக்கும் ஒரே பேர், ஒரே சம்பளம்.

உரிமையாளர் மாற்றங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்து, மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992-இல் பிராந்தியக் கம்பனிகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. துரையின் நிறம் மாறியது, பங்களாவில் குடியிருந்தவர் மாறினார். பிரட்டும் செக்ரோலும் தராசும் மாறவில்லை.

மாறியது தொழிலாளி. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய ஒரு சிறு நூலில், ஸ்தாபனத்தில் அதிருப்தி கொண்டவருக்கு இரு வழிகள் உண்டு என்றார்: வாய்திறந்து முறையிடுவது, அல்லது விலகிப்போவது. விசுவாசம் என்பது விலகலைத் தாமதப்படுத்தி முறையீட்டுக்குக் காலம் தருகிறது. மலையகத்தின் நூற்றைம்பது ஆண்டுகளை இந்த மூன்றாலும் ஓரளவு விளக்கிவிடலாம். கடனும் துண்டும், பின்னர் நாடற்ற நிலையும் விலகும் வழியை அடைத்திருந்தன. 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்கள் பிரஜாவுரிமைப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தன. பாடசாலைகள் அரசுக்கு வந்தன. கொழும்புக்குப் பஸ் இருக்கிறது, மத்திய கிழக்குக்கு விமானம் இருக்கிறது. கதவு திறந்தது. மக்கள் புறப்பட்டார்கள். 1992-இல் கம்பனித் தோட்டங்களில் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர் தொகை இன்று அதன் பாதியும் இல்லை. புடவைக்கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் கட்டட வேலையிலும் கிடைக்கும் வருமானம், வாடகையும் சாப்பாடும் போக, தோட்டத்து வருமானத்தைவிடப் பெரிதாக மிஞ்சாத சந்தர்ப்பங்களிலும் இளைஞர் திரும்பி வருவதில்லை. பெற்றோரோ, “எங்களோட போகட்டும் இந்தக் கூட” என்று சொல்லிப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லும் துரைமாரை நான் அறிவேன். அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாற்பது வருஷம் உழைத்தாலும் வரிசையில் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டிய ஒரு தொழிலைத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய மறுப்பது, அந்த ஸ்தாபனத்தைப் பற்றி அவர்கள் நீண்ட அனுபவத்தில் எழுதிய தீர்ப்பு.

ஆள் குறைந்தபின் கம்பனிகள் கண்ட உபாயங்களில் கவனத்துக்குரியது, செடிகளைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்து, பறித்துத் தரும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் பணம் கொடுக்கும் ஏற்பாடு. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கைச் சிற்றுடைமையாளரே உற்பத்தி செய்கிறார்கள் என்ற உண்மை இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. தன் துண்டு மலையை எப்போது களை எடுப்பது, எந்தச் சுற்றில் பறிப்பது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் தொழிலாளியின் அறிவுக்கு முதன்முதலாக ஓர் ஆசனம் போடுகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் சிற்றுடைமையாளருக்குக் காணி சொந்தம், பங்கிட்ட செடிக்குச் சொந்தக்காரர் கம்பனி. மழை பொய்த்தாலும் உரவிலை ஏறினாலும் நஷ்டம் குடும்பத்தின் தலையில் விழ, நாட்சம்பளமும் அதோடு சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியும் சுருங்குமானால், அறிவுக்கு ஆசனம் போட்ட கையாலேயே அதன் காலை வெட்டுவதாக முடியும். காணி உரிமை பற்றிய பேச்சில்லாமல் இந்த ஏற்பாட்டை விரிப்பது நேர்மையல்ல.

அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் பெண்கள் கங்காணிகளாக நியமிக்கப்பட்டிருப்பது, கணக்கில் சிறிதாயினும், என் கண்ணுக்கு ஒப்பந்தங்கள் பலவற்றைவிடப் பெரிய செய்தி. முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள் நிரை பிரிக்கும்போது, எந்த நிரை செங்குத்தானது, எந்தப் பிள்ளை கர்ப்பிணி, எந்த மலையில் இன்று 18 கிலோ தேறாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு மேலே கணக்கப்பிள்ளை வேலைக்குப் பரீட்சைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது, அவள் ஏணி கங்காணியோடு முடிகிறது. அத்துருகிரியவிலுள்ள பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் தோட்டங்களின் உத்தியோகத்தருக்குப் பயிற்சி அளித்துவருகிறது. அந்தப் பயிற்சியின் கதவை, பாடசாலைச் சான்றிதழுக்குப் பதில் வயல் அனுபவத்தைத் தகுதியாக ஏற்று, தமிழ் வழியில் இந்தப் பெண்களுக்குத் திறப்பதற்குப் பெருந்தொகை எதுவும் தேவையில்லை. கழிவு விதிகளைத் தமிழில் எழுதிக் கொழுந்து மடுவத்தின் சுவரில் ஒட்டுவதற்கும், நிறுக்கும்போது புத்தகத்தைப் பார்க்கத் தொழிலாளர் தெரிந்தெடுத்த ஒரு பெண் பக்கத்தில் நிற்பதற்கும் அதுவும் தேவையில்லை. அடுத்த கொழுந்து நாளிலேயே தொடங்கிவிடலாம்.